அமரும் உரிமை

உழைப்பவரின் துன்பம் பிறர் கண்ணுக்கு எளிதில் புலனாவதில்லை. அதனை அறிந்தவர் அதனை நுகர்ந்தவரே. ஆதலின், அதனை நீக்கும் முயற்சியும் அவரிடமிருந்தே தொடங்குதல் இயல்பு. பெரிய துணிக்கடைகளில் பணிபுரியும் பெண்களின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

காரைக்குடியிலாயினும் கோழிக்கோட்டிலாயினும், துணிக்கடைக்குச் செல்வோர் இருக்கையில் அமர்ந்து புடவைகளைத் தேர்ந்தெடுப்பர். அவற்றை விரித்துக் காட்டும் பெண்களோ நாள் முழுவதும் நின்றுகொண்டே இருப்பர். வாங்குவோர் இல்லாத வேளையிலும் அவர்கள் அமர்தல் கூடாது என்பது நெடுங்காலம் பல கடைகளில் எழுதாத விதியாக இருந்தது. அதனால் கால்கள் வீங்கின. இரத்தக் குழாய்கள் புடைத்தன. கழிப்பறை வசதி இன்மையால், தாகம் எடுத்தும் தண்ணீர் அருந்தாதிருந்தோர் பலர்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளியாக இருந்தவர் விஜி. அவரும் உடன் உழைத்த பெண்களும் 2010-ஆம் ஆண்டை ஒட்டிப் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பைக் கண்டனர். முதலில் கழிப்பறை வேண்டினர். பின்னர் அமரும் உரிமை வேண்டினர். "கால் வலித்தால் வீட்டில் இருக்கலாமே" என்று கூறுவாரும் இருந்தனர். எனினும் அப்பெண்கள் தளரவில்லை. 2018-ஆம் ஆண்டில் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாடும் அவ்வழி நின்றது. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் முன்வடிவு, 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர் அனைவர்க்கும் தக்க இருக்கை அமைத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. பெண்கள் தொடங்கிய முயற்சியின் பயன் ஆண்களுக்கும் கிட்டியது.

இக்கோரிக்கை உலகிற்குப் புதியதன்று. பிரித்தானியாவில் கடைப் பெண்களுக்கு இருக்கை அளிக்கும் சட்டம் 1899-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இதனை வலியுறுத்தியது. ஆயினும், பயன் பெற வேண்டியவர் ஒன்றுகூடிக் கேட்கும்வரை அது நம் கடைத்தெருவிற்கு வந்து சேரவில்லை.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. முக்காலி கடையில் இருத்தல் வேண்டும். அதில் அமர அஞ்சாத நிலையும் வேண்டும். வேலையற்ற வேளையில் ஒருவர் அமர்ந்திருப்பதைச் சோம்பல் என்று எண்ணாதிருத்தல், கடைக்குச் செல்லும் நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.