கைப்பூட்டும் நெம்பும்

மற்போரிலே மூட்டுப்பூட்டு என்றதும் முரட்டு வலிமையே பலர் நினைவுக்கு வரும். 1882இல் யப்பானிய ஆசிரியர் ஜிகோரோ கானோ நிறுவிய யூடோவில் வழங்கும் குறுக்குக் கைப்பூட்டை ஆராயின் அவ்வெண்ணம் பிழையென்பது புலனாகும்.

மல்லாந்து வீழ்ந்தவனின் கையைத் தொடைகளிடையே கொண்டு, வீரனும் அவனுக்குக் குறுக்கே மல்லாந்து கிடக்கிறான். காண்போர்க்கு இது சோம்பிக் கிடத்தல் போலத் தோன்றும்! ஆயின், எதிரியின் பெருவிரல் மேனோக்குமாறு மணிக்கட்டு வீரனின் நெஞ்சோடு இறுகியுள்ளது. முழங்கையின் கீழ் அமைந்த இடுப்பே பொறுதி. மணிக்கட்டை இழுத்தலே எத்தனம். மார்பிலும் கழுத்திலும் கிடக்கும் கால்கள் தோளை அசையவொட்டா. கற்கத் தொடங்குவோர் தோளினின்று விலகிக் கிடப்பர். அவ்விடைவெளியில் எதிரி முழங்கையைத் திருப்பித் தப்பிவிடுவான். பின்னர் எவ்வளவு இழுத்தும் பயனில்லை.

மடங்கிய கையை நீட்டுதலே அரிது. இருதலைத்தசை முழங்கைக்குச் சில சதமமீற்றர் அப்பால் முன்கை என்பைப் பற்றியுள்ளது. கை மடங்கியிருக்கையில் அதன் திருப்பம் பெரிது; நீளநீளக் குறையும். நேரான கைக்குத் தசை அரணன்று. மூட்டைப் பிணிக்கும் நார்களே அரண். அவை அறுமுன் எதிரி இருமுறை தட்டித் தோல்வியை ஒப்புவான். இடுப்பை விரைந்து உயர்த்துவோனுக்கோ, அவ்வொலி செவிப்படுமுன்பே நார் அறுந்துவிடலாம்.