கடல் கடந்த வாணிப ஒப்பந்தமும் ஒரு சிறு மாநிலத்தின் குரலும்

நாட்டுக்கு நாடு சரக்குப் பரிமாற்றம் நடைபெறுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வாறு உள்ளே வரும் சரக்குகளின் மீது இறக்குமதித் தீர்வை விதித்து, உள்நாட்டு உற்பத்தியாளரைக் காப்பதும் பழைய வழக்கமே. இரு நாடுகள் இத்தீர்வைகளைத் தம்முள் நீக்கவோ குறைக்கவோ இசைந்து செய்துகொள்ளும் உடன்படிக்கை, தடையில்லா வாணிப ஒப்பந்தம் எனப்படும். வர்த்தகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரிய விஷயமாக இது தோன்றலாம். ஆயினும் அதன் விளைவு குடியானவரின் மாட்டுக் கொட்டில் வரையில் எட்டக்கூடியது. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தமும், அதன்மீது எழுந்த பெரும் விவாதமும் இதை நன்கு விளக்கும்.

ஒப்பந்தத்தின் சாரம்

இதற்கான பேச்சுவார்த்தை 2009ஆம் ஆண்டில் தொடங்கி, 2014இல் முடிவுற்றது. அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் 28 நாடுகள் இருந்தன. அவற்றின் மக்கள் தொகை ஏறத்தாழ 50 கோடி. கனடாவின் மக்கள் தொகையோ அப்போது 4 கோடிக்கும் குறைவாக இருந்தது. சுமார் 1,600 பக்கங்கள் கொண்ட இவ்வொப்பந்தத்தின்படி, சரக்கு வகைகளில் நூற்றுக்கு 98 வீதமானவற்றுக்குத் தீர்வை நீங்கும்.

எனினும் விவசாயத்தில் எல்லாக் கதவுகளும் திறந்துவிடப்படவில்லை. கோழி இறைச்சி, முட்டை ஆகியவற்றின் தீர்வையை இரு தரப்பாரும் நிலைநிறுத்திக்கொண்டனர். ஐரோப்பியப் பாலாடைக்கட்டி ஆண்டுக்கு 17,700 டன் வரையில் கூடுதலாகத் தீர்வையின்றிக் கனடாவுக்குள் வரலாம். அதற்கு ஈடாக, கனடாவின் மாட்டிறைச்சி ஏறத்தாழ 50,000 டன்னும், பன்றி இறைச்சி ஏறத்தாழ 80,000 டன்னும் ஐரோப்பாவுக்குள் செல்லலாம். இந்த வரம்புகளை எட்டுவதற்கே ஆறு ஆண்டுக் காலம் வகுக்கப்பட்டது.

கனடாவின் பால் உற்பத்தியாளர்கள்

கனடாவில் பால் உற்பத்தி ஒரு தனி ஏற்பாட்டின்படி நடைபெறுகிறது. நாட்டுக்குத் தேவையான பாலின் அளவைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பண்ணைக்கும் உரிய பங்கு நிர்ணயிக்கப்படுகிறது. உற்பத்திச் செலவை அனுசரித்து விலை நிச்சயிக்கப்படுகிறது. அயல்நாட்டுப் பாற்பொருள்கள் வந்து விலையைக் குலைத்துவிடாமல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட இறக்குமதிக்கு 200 சதவிகிதத்தையும் மிஞ்சிய தீர்வை உண்டு. இத்தகைய வேலியில் ஒரு பகுதியைத் திறந்தால் எங்கள் பங்கு குறையும் என்று பால் உற்பத்தியாளர்கள் ஆட்சேபித்தனர். மாடு வளர்ப்போரும் பன்றிப் பண்ணையாளரும் புதிய சந்தை கிடைக்குமென்று ஒப்பந்தத்தை வரவேற்றனர். ஒரே நாட்டு விவசாயிகளுள் ஒரு சாராருக்கு லாபமும் மற்றொரு சாராருக்கு நஷ்டமும் விளையக்கூடும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

கனடா அரசாங்கம் இந்த ஆட்சேபத்தைத் தட்டிக் கழிக்கவில்லை. பண்ணைகளையும் பால் பதனிடும் ஆலைகளையும் நவீனப்படுத்துவதற்கென 35 கோடி கனடா டாலர் உதவியை 2016 நவம்பரில் அறிவித்தது. இவ்வொப்பந்தத்துக்கும் பசிபிக் நாடுகளுடன் செய்துகொண்ட மற்றோர் ஒப்பந்தத்துக்கும் சேர்த்து, எட்டு ஆண்டுகளில் 175 கோடி டாலர் ஈட்டுத்தொகை வழங்குவதாக 2019இல் மேலும் அறிவித்தது.

வல்லோனியாவின் மறுப்பு

ஐரோப்பாவில் எழுந்த எதிர்ப்பு இன்னும் கடுமையானது. இவ்வொப்பந்தத்தையும், அமெரிக்காவுடன் அப்போது பேசப்பட்டுவந்த மற்றோர் ஒப்பந்தத்தையும் எதிர்த்து 32 இலட்சத்திற்கும் அதிகமானோர் கையொப்பமிட்டனர். 2016 செப்டம்பரில் ஜெர்மனியின் ஏழு நகரங்களில் பெரும் ஊர்வலங்கள் நடைபெற்றன.

இறுதியில் ஒப்பந்தத்தைத் தடுத்து நிறுத்தியது பெல்ஜியம் நாட்டின் ஒரு பகுதியான வல்லோனியா. அதன் மக்கள் தொகை சுமார் 36 இலட்சமே. பெல்ஜியம் நாட்டு அரசியல் சட்டப்படி, இத்தகைய ஒப்பந்தத்தில் மத்திய அரசாங்கம் கையெழுத்திட மாநில மன்றங்களின் சம்மதமும் வேண்டும். வல்லோனிய மன்றம் 2016 அக்டோபர் 14ஆம் நாள் சம்மதம் மறுத்தது.

இம்மறுப்புக்குத் தக்க காரணங்கள் இருந்தன. ஐரோப்பாவில் பால் உற்பத்திக்கு இருந்த வரம்பு 2015இல் நீக்கப்பட்டபின் பால் விலை வீழ்ந்து, வல்லோனியாவின் குடியானவர்கள் இன்னலுற்றிருந்தனர். 2016 செப்டம்பரில் ஷார்ல்ரூவா நகரையடுத்த பெரிய இயந்திரத் தொழிற்சாலை ஒன்று மூடப்படுமென்ற அறிவிப்பால், ஏறத்தாழ 2,000 பேரின் வேலைக்கு ஆபத்து நேர்ந்திருந்தது. ஆகவே, புதிய போட்டி என்றதும் மக்கள் அஞ்சியது இயல்பே.

மற்றொரு முக்கிய ஆட்சேபமும் உண்டு. அரசாங்கத்தின் நடவடிக்கையால் தனக்கு நஷ்டம் நேர்ந்ததென்று கருதும் அயல்நாட்டு முதலீட்டாளர், உள்நாட்டு நீதிமன்றத்துக்குச் செல்லாமல், தனி மன்றத்தில் வழக்கிட்டு நஷ்டஈடு கோரலாம் என்று ஒப்பந்தம் கூறியது. சுகாதாரத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ சட்டம் இயற்றும்போது அரசாங்கத்தின் கைகள் இதனால் கட்டுண்டுவிடுமோ என்பதே ஐயம். கனடாவில் கிளை வைத்துள்ள பிறநாட்டுக் கம்பெனிகளும் இவ்வழியே நுழையலாம் என்று வல்லோனிய முதலமைச்சர் பௌல் மான்யெத் எடுத்துரைத்தார்.

இணக்கம் ஏற்பட்ட விதம்

கனடாவின் வாணிப அமைச்சர் கிரிஸ்டியா பிரீலண்ட் அக்டோபர் 21ஆம் நாள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு புறப்பட்டார். எனினும் பெல்ஜியம் நாட்டுத் தலைவர்கள் தமக்குள் தொடர்ந்து கலந்து பேசி, அக்டோபர் 27இல் உடன்பாடு கண்டனர். பொதுநலச் சட்டங்களை இயற்றும் உரிமை அரசாங்கங்களுக்கு உண்டு என்பதை விளக்கும் பத்திரம் ஒன்று ஒப்பந்தத்தோடு சேர்க்கப்பட்டது. முதலீட்டு மன்றம் ஐரோப்பியச் சட்டத்துக்கு இசைவானதா என்று ஐரோப்பிய நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்பதென்றும் முடிவாயிற்று. அக்டோபர் 30ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 408 வாக்குகளுக்கு 254 என்ற கணக்கில் அதனை ஏற்றது.

2017 செப்டம்பர் 21 முதல் தீர்வைக் குறைப்பு முதலியவை தற்காலிகமாக அமலுக்கு வந்தன. முதலீட்டு மன்றம் பற்றிய பகுதி அதில் சேரவில்லை; அதற்கு ஒவ்வொரு நாட்டின் ஒப்புதலும் தேவை. அம்மன்றம் சட்டத்துக்கு முரணன்று என்று 2019 ஏப்ரல் 30இல் ஐரோப்பிய நீதிமன்றம் கருத்துரைத்தது. ஆயினும் விவாதம் ஓயவில்லை. 2020இல் சைப்ரஸ் நாடாளுமன்றம், தன் நாட்டின் ஹல்லூமி என்னும் பாலாடைக்கட்டியின் பெயருக்குக் கனடாவில் பாதுகாப்பு இல்லை என்ற குறையை முக்கியமாகக் கொண்டு ஒப்பந்தத்தை நிராகரித்தது. 2024 மார்ச்சில் பிரெஞ்சு மேல்சபையும் எதிராக வாக்களித்தது.

அனுபவம் காட்டுவது

ஐரோப்பியப் பண்ணையாளர் அஞ்சியது போலக் கனடாவின் மாட்டிறைச்சி வெள்ளமெனப் பெருகி வரவில்லை. அனுமதித்த அளவில் சிறு பகுதியே வந்தது. ஹார்மோன் ஊட்டி வளர்த்த மாட்டின் இறைச்சியை ஐரோப்பா 1980களின் இறுதியிலிருந்தே அனுமதிப்பதில்லை. அவ்விதி தளர்த்தப்படவில்லை. தனிமுறையில் மாடு வளர்க்கும் செலவைப் பல கனடியப் பண்ணையாளர் விரும்பவில்லை. ஆகவே தீர்வை எவ்வளவு குறைந்தது என்பதோடு, தரத்தைப் பற்றிய விதி யாது என்பதையும் சேர்த்தே ஒப்பந்தத்தை எடைபோட வேண்டும்.

நம் நாட்டில் அயல்நாட்டு ஒப்பந்தங்கள் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆயினும் அவற்றின் பலனை அனுபவிப்போர் கிராமங்களில் இருக்கிறார்கள். எந்தப் பொருளுக்குத் தீர்வை குறைகிறது, எத்தனை ஆண்டுகளில் குறைகிறது, எவ்வளவுக்கு வரம்பு உண்டு, நஷ்டமடைவோர்க்கு ஈடு என்ன என்ற நான்கு வினாக்களைக் கேட்டறிதல் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் இயலும். வல்லோனிய மன்றத்தார் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, ஆட்சேபங்களை வரிசைப்படுத்திச் சொன்னார்கள். தக்க விளக்கமும் உறுதியும் பெற்றபின் சம்மதித்தார்கள். ஒரு சிறு மன்றத்தின் சொல்லுக்குப் பெரிய நாடுகள் செவிசாய்த்ததற்கு, சட்டம் தந்த அதிகாரத்தோடு, விவரமறிந்து பேசிய அந்தத் தெளிவும் காரணமாகும்.