சிறார் சிறுநீரக நோயும் ஒரு சோதனைக் குழாயும்

தங்கவயலில் என் தமக்கையின் மகனுக்கு நான்கு வயதிருக்கும்போது, ஒரு நாள் காலையில் அவன் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. மாலையில் வீக்கம் கால்களுக்கு இறங்கிற்று. "பிள்ளை சதை பிடிக்கிறான், கண் வைக்காதீர்கள்" என்றார் பாட்டி. மருந்துக் கடையில் ஒவ்வாமைக்கு மாத்திரை கொடுத்தார்கள். பன்னிரண்டு நாட்கள் வீணாயின. அப்பொழுது நான் இரசாயனப் பட்டப்படிப்பு மாணவன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அன்பர்களே, அந்நோயின் பெயர் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடமே மிகுதியாகத் தோன்றுவது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள், குருதியில் நிற்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதத்தைச் சிறுநீரில் ஒழுகவிடுகின்றன. குருதிக் குழாய்களில் நீரைப் பிடித்து வைப்பது அப்புரதம். அது குறைய, நீர் திசுக்களில் தேங்குகிறது. சிறுநீரகம் உப்பையும் வெளியேற்றாமல் நிறுத்திக்கொள்வதால் வீக்கம் வளர்கிறது.

வீக்கத்தையும் சிறுநீர்ப் புரதத்தையும் சிறுநீரக நோயோடு தொடர்புபடுத்தி 1827-இல் நூல் வெளியிட்டவர் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்டு பிரைட். அவருடைய சோதனைக்கு ஒரு கரண்டியும் மெழுகுவர்த்தியும் போதும்! முட்டையின் வெள்ளைக்கரு வெந்து திரள்வதுபோல், சூடேறிய சிறுநீரில் ஆல்புமின் திரளும். அதையே இன்றும் வீட்டில் செய்யலாம். சோதனைக் குழாயில் முக்கால் அளவு காலைச் சிறுநீரை எடுத்து, மேற்பகுதியை மட்டும் சூடாக்குக. (குழாயின் வாயை எவர் முகத்துக்கும் நேரே பிடிக்கலாகாது.) கலங்கினால் நீர்த்த அசெட்டிக் அமிலம் சில துளி விடுக. பாஸ்பேட்டால் வந்த கலக்கமாயின் கரைந்துவிடும், புரதமாயின் நிற்கும். கீழ்ப்பகுதி தெளிவாகவே இருப்பதால் ஒப்பிடுவது எளிது. நிறம் மாறும் பட்டைகளும் கடைகளில் உண்டு.

மாரிகுப்பம் இரயிலில், பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் கூட்டத்தினிடையே பிள்ளையை மடியில் வைத்துச் சென்றோம். குருதியழுத்தமும் குருதியும் சோதித்தபின் பிரெட்னிசோலோன் தொடங்கினார்கள். முதன்முறை நோய் கண்டோர்க்கு ஆறு வாரம் தினமும், அடுத்த ஆறு வாரம் குறைந்த அளவில் ஒன்றுவிட்டொரு நாளும் தருவது வழக்கம். பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுப் பேருக்குப் புரதம் நின்றுவிடுகிறது. வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் தவறு. உடல் தன் சொந்த ஸ்டெராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும் வேளையில் திடீரென நிறுத்துவது ஆபத்து. காய்ச்சலுடன் வயிற்றுவலி வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும்.

மருந்துக்கு இணங்காத குழந்தைகளுக்குச் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பரிசோதித்து வேறு மருந்து தருவர். அதற்கும் அடங்காமல் சிறுநீரகம் இழப்போர்க்கு டயாலிசிசும் மாற்றுச் சிகிச்சையும் உள்ளன. எங்கள் முன்னோர் சுரங்க வேலைக்குப் புறப்பட்டு வந்த வேலூர்ப் பக்கத்திலேயே, சி.எம்.சி. மருத்துவமனையில் 1971-இல் சிறுநீரக மாற்று வெற்றியாக நடந்தது.

ஆனால் பெரும்பாலோர்க்கு நேர்வது நோய் மீளுதலே. சளி காய்ச்சலைத் தொடர்ந்து அடிக்கடி வரும். எனவே அக்காள் ஒரு நோட்டில் நாள்தோறும் முடிவை எழுதி வருகிறாள். சென்ற பொங்கலுக்கு நான் ஊர் சென்றபோது, "நீயே பாருடா தம்பி" என்று குழாயை என்னிடம் தந்தாள். கலங்கியிருந்தது. மறுநாளும், மூன்றாம் நாளும் கட்டியாகத் திரண்டது. முகத்தில் வீக்கமே இல்லாத பிள்ளையோடு இரயிலேறினோம். இரண்டாம் வாரத்தில் குழாய் தெளிந்தது.