சங்கத்து மின்னஞ்சல் ஏன் வந்து சேரவில்லை?

கதிர்காமத்தில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொதுக்குழு அறிவிப்பைச் செயலாளர் தம் யாஹூ முகவரியிலிருந்து சங்கத்தின் குழு முகவரிக்கு அனுப்புகிறார். ஜிமெயில் வைத்திருக்கும் உறுப்பினர்கள் பலருக்கு அது கிடைக்கவே இல்லை. கூட்டம் முடிந்தபின் மனக்கசப்புதான் மிச்சம்.

இங்கே தடுத்தது, மோசடியைத் தடுக்க வந்த பாதுகாப்பு விதி. மடலை அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று எஸ்பிஎஃப் பார்க்கிறது. வழியில் மடல் மாற்றப்பட்டதா என்பதை டிகிம் என்ற டிஜிட்டல் கையொப்பம் காட்டிக்கொடுக்கிறது. இரண்டில் ஒன்றுகூட அனுப்புநர் முகவரியோடு பொருந்தாவிட்டால் மடலை ஏற்பதா, ஸ்பேமில் போடுவதா, நிராகரிப்பதா என்று சொல்வது டிமார்க் கொள்கை.

குழு மடலோ சங்கத்தின் சர்வரிலிருந்து கிளம்புகிறது. தலைப்பில் சங்கப் பெயரும் அடியில் ஒரு குறிப்பும் சேர்கின்றன. ஆகவே இரண்டு சோதனையும் அனுப்புநரின் யாஹூ முகவரியோடு பொருந்துவதில்லை. 2014 ஏப்ரலில் யாஹூ தன் கொள்கையை 'நிராகரி' என மாற்றியதும் உலகெங்கும் குழுக்கள் தடுமாறின. திரும்பி வந்த மடல்களைக் கணக்கிட்ட குழு மென்பொருள்கள், ஒரு தவறும் செய்யாத உறுப்பினர்களையே பட்டியலிலிருந்து நீக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோர் டிமார்க் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் கட்டாயமாக்கியது.

குழுவை நடத்துபவர் செய்ய வேண்டியது: அனுப்புநர் இடத்தில் குழு முகவரி வரும்படி அமைப்பை மாற்றுங்கள், மெயில்மேன் மென்பொருளில் இந்த வசதி உண்டு. தானாக நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேருங்கள். டிமார்க்கைத் தளர்த்தாதீர்கள், அது போலிகளுக்குக் கதவைத் திறந்துவிடும். முக்கிய அறிவிப்பை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள்.

உறுப்பினர்கள் முதலில் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மடலின் மூன்று புள்ளியை அழுத்தி அசல் வடிவத்தைக் கேட்டால், மூன்று சோதனைகளின் முடிவும் தெரியும். டிமார்க் 'பாஸ்' என்றிருந்தால் டொமைன் உண்மையானது, அவ்வளவுதான். அனுப்பியவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றல்ல. சந்தாவைப் புதிய வங்கிக் கணக்கில் கட்டச் சொல்லி மடல் வந்தால், பொருளாளருக்குப் போன் செய்து கேட்காமல் பணம் போடாதீர்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். மடலை அழிக்காதீர்கள், அதுவே சாட்சியம். கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.