குழந்தையும் கைப்பேசித் திரையும்

1995 ஜூலை 31 அன்று, அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, கொல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் உரையாடினார். இந்தியாவில் நிகழ்ந்த முதல் கைப்பேசி உரையாடல் அதுவே. பேசுவதற்கென வந்த அக்கருவி, ஒரு தலைமுறைக் காலத்திற்குள், பேச்சே வராத மழலைகளின் கைகளிலும் இடம் பெற்றுவிட்டது. சோறூட்டவும் அழுகையை அடக்கவும் பெரியோர் அதை நாடுகின்றனர். இதனால் குழந்தைகளின் நடத்தை கெடுகிறதா? இவ்வினாவுக்கு விஞ்ஞானம் கண்டுள்ள விடையை ஈண்டுக் காண்போம்.

பள்ளி மூடிய காலம்

கொல்கத்தாவுக்குத் தொலைக்காட்சி வந்தது 1975ஆம் ஆண்டில். அப்பெட்டி கூடத்தில் ஓரிடத்தில் இருந்தது. குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடிந்தது. கைப்பேசிக்கோ இடமும் இல்லை, முடிவும் இல்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, "தொடாதே" என்று விலக்கப்பட்ட கருவியே பாடப்புத்தகமும் ஆயிற்று. மேற்கு வங்கத்தில் தொடக்க வகுப்புக் குழந்தைகள், 2022 பிப்ரவரியில் 'பாடாய் சிக்ஷாலய்' என்னும் தெருவோரத் திறந்தவெளி வகுப்புகளின் வாயிலாகவே மீண்டும் ஒன்றுகூடினர். ஏறத்தாழ இரண்டாண்டுகள், சக குழந்தைகளோடு விளையாடிச் சண்டையிட்டுச் சமாதானமாகும் பயிற்சியை அவர்கள் இழந்திருந்தனர்.

காரணமா, விளைவா?

பத்தரை வயதுக்குட்பட்ட 2,92,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய 117 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று, 2025இல் வெளியாயிற்று. குழந்தைகளைக் காலப்போக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளே இதில் சேர்க்கப்பட்டன. திரைமுன் மிகுதியாக நேரம் கழித்தோரிடம் பின்னர் கவலை, முரட்டுத்தனம், கவனக்குறைவு முதலியன ஓரளவு கூடுதலாகத் தோன்றின. அவ்வாறே, ஏற்கெனவே இத்தொல்லைகள் உடைய குழந்தைகள் நாளடைவில் திரையை அதிகமாக நாடினர். ஆகவே இது ஒரு சுழல். கல்வி நிகழ்ச்சிகளைவிட விளையாட்டுகளில் இத்தொடர்பு வலுவாகக் காணப்பட்டது. எனினும் சராசரி விளைவு சிறியதே. பெற்றோர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை.

சுழல் தொடங்கும் இடம்

2022இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வு, மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 422 குழந்தைகளை ஆறு மாதங்கள் தொடர்ந்து கவனித்தது. அழுகையை அடக்க அடிக்கடி கருவி கொடுக்கப்பட்டவர்களிடம், சிறப்பாக ஆண் குழந்தைகளிடமும் இயல்பாகவே துடிப்பு மிக்கவர்களிடமும், உணர்ச்சிக் கொந்தளிப்பு பின்னர் கூடியிருந்தது. இதற்கு விளக்கம் கூறுவது எளிது. சினமும் ஏமாற்றமும் வந்து தணிவதை, அருகிலுள்ள பெரியவரின் துணையோடு குழந்தை மெல்லக் கற்கிறது. திரை அக்கணத்தில் கவனத்தைத் திருப்பிவிடுகிறது. பாடம் கற்கப்படாமலே போகிறது. மறுமுறை அழுகை வலுக்க, கைப்பேசியும் விரைந்து வருகிறது.

உறக்கக் குறைவும் இச்சுழலுக்குத் துணை செய்கிறது. இரவில் கண்ணில் படும் வெளிச்சம், உறக்கத்திற்கு உதவும் மெலட்டோனின் என்னும் சுரப்பைக் குறைக்கிறது. உறங்காத குழந்தை மறுநாள் எரிச்சல் கொள்வது இயல்பே.

பெற்றோர் செய்யத்தக்கவை

இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் நெறிமுறைப்படி, இரண்டு வயது நிரம்பும் வரை திரை கூடாது. உற்றாரோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது. ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணிக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏறத்தாழ இதே வரம்பைக் குறித்தது.

உணவு வேளையிலும், உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் கைப்பேசியை எடுத்து வைத்தல் நலம். திடீரெனப் பிடுங்காமல், முன்கூட்டிச் சொல்லி நிறுத்துக. அழும் குழந்தையை முதலில் அணைத்து, அதன் துயரத்தைச் சொற்களால் கூறுக. 1907இல் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் 'தாகுர்மார் ஜூலி' என்னும் தொகுப்பில் சேர்த்த பாட்டி கதைகள், வங்க இல்லங்களில் இன்றும் பயன்படக்கூடிய செல்வம். நம் வீடுகளிலும் அத்தகைய கதைகளுக்குக் குறைவில்லை. தாமே ஓயாது கைப்பேசியை நோக்கும் பெற்றோரின் அறிவுரை பயன் தராது.

இவ்வளவு செய்தும் குழந்தையின் முரட்டுத்தனம் வாரக்கணக்கில் நீடித்தாலோ, பேச்சு வளர்ச்சி தாமதப்பட்டாலோ, கருவியின்மீது பழி சுமத்திக் காலம் கடத்தாமல் குழந்தை மருத்துவரை நாட வேண்டும். திரைக்குப் பின்னால் வேறு காரணம் மறைந்திருக்கக்கூடும். அதை எவ்வளவு விரைவில் அறிகிறோமோ, அவ்வளவு எளிதில் உதவ இயலும்.