உங்களுக்குத் தெரியுமா? பெயரின் புள்ளிக்கும் மின்னஞ்சலில் விதி உண்டு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் பெயருக்கு முன்னால் மூன்று முதலெழுத்துகள் நிற்பது வழமை: ஏ.எல்.எம்., எம்.ஐ.எம். என்று. மின்னஞ்சல் தலைப்பில் அந்தப் புள்ளிகளுக்குத் தனி விதி உண்டு. 2008இல் வந்த மின்னஞ்சல் வடிவத் தரநிலையான ஆர்.எஃப்.சி. 5322இன்படி, அனுப்புநர் பெயரில் புள்ளி இருந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். முகவரி அதன்பின் கோண அடைப்புக்குள் வரும். வழமையான செயலிகள் இதைத் தாமே செய்துவிடும். பாடசாலைக்கோ கடைக்கோ நாமே எழுதிய இணையப் படிவத்தில்தான் மேற்கோள் விடுபட்டுப்போகும்.

முகவரியில் இன்னும் கவனம் வேண்டும். @ குறிக்கு முன்னுள்ள பகுதி புள்ளியில் முடியக்கூடாது. இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்தும் வரக்கூடாது. ஏ.எல்.எம். என்று கடைசிப் புள்ளியோடு தட்டினால் விதிப்படி அது முகவரியே அல்ல.

பெயரைத் தமிழிலேயே தாராளமாக எழுதுங்கள். தலைப்பில் அது =? என்று தொடங்கி ?= என்று முடியும் குறியீடாகிப் பயணப்பட்டு, பெறுநரின் திரையில் மறுபடி தமிழாகும். குறியீடாக்காமல் பச்சையாக அனுப்பினால், ஸ்பாம்அசாசின் போன்ற ஸ்பாம் வடிகட்டி அதைச் சந்தேகக் கணக்கில் கூட்டும். அதன் இயல்பு அமைப்பில் கணக்கு 5ஐத் தொட்டால் கடிதம் ஸ்பாம்தான்.