முதலில் தெரியவருவது கூட்டாளிக்குத்தான்

மூடி வைப்பதன் விலை

தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதே பிள்ளை இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காமல், யாரோடும் முகம்கொடுத்துப் பேசாமல் கிடந்தால் ‘வயசுக் கோளாறு’ என்று விட்டுவிடுகிறோம். ‘மெண்டல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் கல்யாணப் பேச்சு வரைக்கும் துரத்துமே என்ற பயம் பெற்றோருக்கு. வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் மீனவத் தெருக்களில் அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மூடி வைப்பதற்கும் விலை உண்டு. இதே மன்னார் வளைகுடாக் கரையில், ஏர்வாடியில், குடும்பங்கள் கொண்டுபோய் விட்ட காப்பகம் ஒன்றில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். 28 உயிர்கள் போயின. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருக்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர்.

பீகார் பள்ளிகள் சொல்வது

இந்த மௌனத்தை உடைக்கும் வேலையை இளையவர்களிடமே தர வேண்டும்; அவர்களுக்குப் பின்னால் பயிற்சி பெற்ற ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்பது என் வாதம். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த ‘சேஹர்’ ஆய்வு 2018-இல் லான்செட் இதழில் வெளியானது. சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர், வேறு சிலவற்றில் ஆசிரியர். திட்டம் ஒன்றுதான்: மாணவர்களே எழுதும் சுவர் இதழ், மாணவர் குழு, மனக்குறையைச் சீட்டில் எழுதிப் போட ஒரு பெட்டி. பெயர் போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் கேலி, வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றமில்லை. மார்க் போடுகிறவரிடம் மனதைத் திறக்கத் தயங்குவதே இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளைகள் என்ன டாக்டரா?

நியாயமான கேள்விதான். டாக்டர் வேலையை அவர்கள் செய்யவே கூடாது. 2014-இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்தில் ‘சாத்தியா’ எனப்படும் சக வயதுத் தோழர்களுக்கு இடமுண்டு. மனநலமும் அதன் கீழ் வருகிறது. தோழர் செய்ய வேண்டியது குறுக்கே பேசாமல் கேட்பது, சாவைப் பற்றிய பேச்சு வந்தால் ரகசியம் காக்காமல் உடனே பெரியவரிடம் சொல்வது, சிகிச்சைக்குக் கூடவே போவது. தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணமே முளைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, கேட்பது பாரத்தை இறக்கவே உதவுகிறது. பிறர் துயரைக் கேட்டுக் கேட்டுத் தோழரே சோர்ந்துபோகக்கூடும் என்ற கவலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதனால் வாரம் ஒருமுறையாவது ஆலோசகர் அவர்களோடு உட்கார வேண்டும்; அதற்கு வழியில்லாத ஊரில் இதைத் தொடங்கவே வேண்டாம். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நேரில் போவதென்றால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு வரிசையில் தெருக்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று கூசும் பையனோடு, கூட்டாளி ஒருவனும் சீட்டு எடுத்து உட்கார்ந்திருக்கலாம்.